பிளக்-இன் ஹைபிரிட்: நானுஓயா ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தவனின் விமர்சனம்

மலையகத்தில் பிளக்-இன் ஹைபிரிட், அதாவது வீட்டில் சார்ஜ் போட்ட கரண்டிலும் பெற்றோலிலும் ஓடுகிற கார், வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் காரைப் பற்றிப் பேச்சையே எடுப்பதில்லை, வீட்டைப் பற்றித்தான் கேட்பேன். இரவில் வண்டி நிற்கிற இடத்தில் உங்களுக்கென்று சொந்தமாக ஒரு பிளக் இருக்கிறதா? வீடு ஏற்றத்தின் அடியில் இருக்கிறதா, உச்சியில் இருக்கிறதா? முதல் கேள்விக்கு இல்லை என்றால் பேச்சு அதோடு முடிந்தது, சாதாரண ஹைபிரிட்டான ஒரு அக்குவாவோ வெசலோ பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் நல்ல வண்டிதான். இரண்டாவது கேள்வியைக் கொழும்பில் யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் இங்கே பாதிக் கணக்கு அதில்தான் இருக்கிறது.

எங்களிடம் இருப்பது மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிளக்-இன் ஹைபிரிட். 2013 ஜனவரியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் தலைமுறை மாடல்: 2.0 லீற்றர் பெற்றோல் என்ஜின், 12 கிலோவாட் மணி, அதாவது 12 யூனிட் பற்றரி, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு மோட்டார், 45 லீற்றர் டாங்கி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்துவதற்கு முன்னால் நாட்டுக்குள் வந்த வண்டி, நாங்கள் இரண்டாம் கையாக வாங்கினோம். 2022-ல் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு ஏன் வாங்கினோம் என்று விளக்கத் தேவையில்லை. ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் 470 ரூபாவுக்குப் போனது, அப்புறம் கியூஆர் பங்கீடு வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்றார்கள். அதே வருஷம் மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டியதையும் மறக்கவில்லை, அதனால்தான் முழு மின்சாரக் கார் பக்கம் மனசு போகவில்லை. இரண்டு வழியிலும் ஓடுகிற வண்டி இருந்தால் ஒன்று நின்றாலும் மற்றது இழுக்கும் என்பதுதான் வீட்டில் பேசி எடுத்த முடிவு.

சாதாரண ஹைபிரிட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்குவா, பிரியஸ் போன்றவற்றில் பற்றரி சின்னது, என்ஜினும் பிரேக்கும் கொடுப்பதை வாங்கி உடனே செலவழித்துவிடும், வீட்டுக் கரண்டோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. பிளக்-இன் என்றால் பற்றரி பல மடங்கு பெரிது, சுவரில் குத்தி நிரப்பலாம், அது தீரும்வரை மின்சாரக் கார், தீர்ந்த பிறகு சாதாரண ஹைபிரிட். அவுட்லேண்டரில் இன்னொரு விசேஷம், குறைந்த வேகத்தில் என்ஜின் சில்லோடு இணைவதே இல்லை. ஜெனரேட்டராக மட்டும் ஓடிக் கரண்ட் செய்து கொடுக்கும், வண்டியை இழுப்பது எப்போதும் மோட்டார்தான். மணிக்கு 65 கிலோமீற்றருக்கு மேலே போனால்தான் என்ஜின் நேரடியாகச் சில்லைப் பிடிக்கும். நானுஓயாவிலிருந்து தலவாக்கலை வரைக்கும் 65-ஐத் தொட எங்கே இடம் இருக்கிறது சொல்லுங்கள்.

இனி ஓட்டும் கதை. வீடு நானுஓயா ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் கீழே, வேலை நுவரெலியா டவுனில். காலையில் பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டு ஒபீஸ், மாலையில் மரக்கறி வாங்கிக்கொண்டு வீடு, இடையில் அம்மாவுக்கு கிளினிக். 1600 மீற்றரிலிருந்து கிட்டத்தட்ட 1870-க்கு ஏறுகிற பாதை, தூரம் அதிகமில்லை. இரவு சார்ஜ் போட்ட வண்டி காலையில் என்ஜினை எழுப்பாமலேயே ஏறிவிடும். குளிர் காலை, மூடுபனி, முன்னால் மரக்கறி லொறி ஒன்று முக்கி முனகிக்கொண்டு போகும், நிறுத்தி நிறுத்தி அதன் பின்னால் ஏற வேண்டும். கிளச்சும் கியரும் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் ஓட்டியவர்களுக்கு இதன் சுகம் தெரியும். பெடலை இலேசாக மிதித்தால் வண்டி பின்னால் சறுக்காமல் அமைதியாக முன்னே போகும்.

இதில் உயரத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. டர்போ இல்லாத பெற்றோல் என்ஜின் ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் ஏறக்குறைய பத்து வீதம் பலத்தை இழக்கும், காற்று ஐதாவதுதான் காரணம். நுவரெலியாவில் ஓடுகிற சின்னக் கார்களெல்லாம் கொழும்பில் இருந்த பலத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தொலைத்துவிட்டுத்தான் ஓடுகின்றன, கம்பளை வீதியில் இறம்பொடை ஏற்றத்தில் ஏசியை அணைத்துவிட்டு ஏறுகிற நம் ஆட்களின் பழக்கம் சும்மா வந்ததில்லை. மின்மோட்டாருக்குக் காற்றே தேவையில்லை. முதல் சுற்றிலிருந்தே முழு இழுவை. மலைநாட்டுக்காரருக்கு இந்த வண்டி கொடுக்கிற மிகப் பெரிய இலாபம் இதுதான் என்பேன், பெற்றோல் மிச்சம் அதற்குப் பிறகுதான்.

இறக்கம் இன்னும் நல்லது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு இலைகள் இருக்கும், அவற்றைத் தட்டி மோட்டார் பிடிக்கிற பலத்தை பி-0-விலிருந்து பி-5 வரை மாற்றலாம். பி-5-ல் விட்டால் காலை எடுத்தவுடனேயே மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும், பிடிக்கிற பலமெல்லாம் கரண்டாகப் பற்றரிக்குப் போகும். மாலையில் வீட்டுக்கு இறங்கும்போது பிரேக் பெடலை நான் தொடுவது அபூர்வம். ஏறும்போது கொடுத்ததெல்லாம் திரும்பி வராது, ஒரு நல்ல பங்கு வரும்.

ஆனால் இதே வண்டியை மேலே வைத்திருப்பவர் கதை வேறு. என் மச்சான் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹாவாஎலியில் இருக்கிறான், வேலை தலவாக்கலையில். அவன் வாங்கியதும் இதே மாடல், என்னுடையதைவிடப் புதுசு. கொஞ்ச நாளில் போன் வந்தது.

“மச்சான், வண்டி இறக்கத்தில பிடிக்கவே மாட்டேங்குது. பி-5-ல போட்டும் உருண்டுகிட்டுப் போகுது. கீழ வந்து இறங்கினா பிரேக் நாத்தம்.”

“எத்தனை வீதம் சார்ஜ் போட்டுட்டு இறங்கினே?”

“இதென்ன கேள்வி, நூறுதான்.”

அங்கேதான் சங்கதி. நிறைந்த பற்றரிக்குள் இன்னும் கரண்டைத் தள்ள முடியாது, அதனால் வண்டி ரீஜெனை, அதாவது மோட்டாரால் பிடித்துக் கரண்ட் சேர்ப்பதை, குறைத்துவிடும், மிச்சத்தை உங்கள் கால்தான் பிரேக்கில் பார்க்க வேண்டும். இது அந்தக் கார் ஒன்றின் குணம் இல்லை, பற்றரி வைத்த எல்லா வண்டிக்கும் பொது. நுவரெலியாவிலிருந்து தலவாக்கலைக்கு 600 மீற்றருக்கு மேல் இறக்கம், இரண்டு தொன் எடை அவ்வளவு தூரம் கீழே வரும்போது மூன்று யூனிட்டுக்கு மேல் சக்தி வெளியே வரும், அதை வாங்கிக்கொள்ள இடம் இல்லாவிட்டால் சில்லின் உராய்வும் காற்றும் எடுத்தது போக மிச்சமெல்லாம் பிரேக் சூடாகத்தான் போகும். ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் நடந்த பஸ் விபத்துக்குப் பிறகு நம் பகுதியில் இறக்கத்தையும் பிரேக்கையும் யாரும் விளையாட்டாக எடுப்பதில்லை, இதையும் அப்படியே பாருங்கள். மச்சானுக்கு நான் சொன்னது, சார்ஜ் டைமரைக் குறைத்து வை, கால்வாசி காலியாக விட்டு இறங்கு, கீழே போகப் போகத் தானாக ஏறும். இப்போது அப்படித்தான் செய்கிறான். வேறு மாதிரிச் சொன்னால் மேலே வீடு வைத்திருப்பவர் பற்றரியில் ஒரு பங்குக்குக் காசு கொடுத்துவிட்டு அதை நிரப்பாமல் வைத்திருக்கிறார், ஆனால் அந்தப் பங்கில் ஒரு பகுதியை மலை இலவசமாக நிரப்பித் தருகிறது. அவன் கரண்ட் பில் என்னுடையதைவிடக் குறைவு. திரும்பி ஏறும்போது பெற்றோல் குடிக்கிறது என்பது வேறு விஷயம்.

தூரப் பயணத்தில் புத்தி கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். விற்றவர் ‘60 கிலோமீற்றர் கரண்டிலேயே போகலாம் சேர்’ என்றார், பெயர் வேண்டாம், கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு கார் சேல். ஜப்பானின் பரிசோதனைக் கணக்குப்படி அது சரியான எண்தான், ஆனால் அந்தப் பரிசோதனையில் இறம்பொடை இல்லை. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு 1400 மீற்றர் ஏற்றம். நாலு பேரோடு வண்டி இரண்டு தொன்னைத் தாண்டும், சில்லின் உராய்வையும் காற்றையும் விட்டுவிட்டு வெறும் ஏறுவதற்கே 8 யூனிட் வேண்டும். 12 யூனிட் பற்றரியில் முழுவதையும் எடுக்க வண்டி விடாது, ஒரு பங்கைப் பாதுகாப்புக்கு ஒதுக்கிவிடும். ஆகவே நிறைந்த பற்றரியோடு கம்பளையில் கிளம்பினால்கூட உச்சிக்கு வருவதற்கு முன் காலியாகிவிடும். காலியான பிறகு என்ஜின் கத்துகிற கத்து இருக்கிறதே, பின் சீட்டில் தூங்குகிற பிள்ளை எழும்பிவிடும்.

இதற்கு வழி, பற்றரியைச் செலவழிக்காமல் மிச்சம் வைக்கிற ‘சேவ்’ பட்டன். கண்டியில் இருந்து திரும்பும்போது பேராதனை, கம்பளை வரைக்கும் சமதரையில் சேவ் போட்டு என்ஜினில் வாருங்கள், ஏற்றம் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக வந்தால் கித்துல்கல தாண்டும்வரை சேவ், கினிகத்தேனை ஏற்றத்துக்குப் பற்றரி. இதற்குப் பக்கத்தில் ‘சார்ஜ்’ என்று இன்னொரு பட்டன், ஓடும்போதே பெற்றோலை எரித்துப் பற்றரியை நிரப்பும். பெரிய ஏற்றத்துக்கு முன்னால் தேவைப்பட்டால் தவிர அதைத் தொடாதீர்கள், பெற்றோலைக் கரண்டாக்கிக் கரண்டை ஓட்டமாக்கும்போது இரண்டு இடத்தில் நட்டம்.

காசுக் கணக்குக்கு வருவோம். எங்கள் பாதையில் பற்றரி இல்லாமல் ஓட்டினால் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் என்று வையுங்கள். அதே 12 கிலோமீற்றருக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, ஏறக்குறைய 3 யூனிட். 2025-ல் 92 ஒக்டேன் 300 ரூபாவைச் சுற்றியே நின்றது. அப்படியானால் ஒரு யூனிட் 100 ரூபாவைத் தாண்டினால்தான் பெற்றோல் இலாபம். வீட்டுக் கரண்ட் எந்தப் படியிலும் அந்த விலைக்குப் போகவில்லை, சரி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம் வீட்டு பில் படிப்படியாக ஏறுகிற பில், மாதம் 80, 90 யூனிட்டில் நிற்கிற வீட்டில் காரும் சேர்ந்து குடித்தால் 180-ஐத் தாண்டி உச்சப் படிக்குப் போய்விடும், கார் குடித்த யூனிட் எல்லாம் உயர்ந்த படிகளின் விலையில்தான் விழும். நேரத்துக்கு ஏற்ற கட்டணத்துக்கு மாறிக்கொண்டால் இரவு 10.30-லிருந்து காலை 5.30 வரை மலிவு, அதற்கு மீற்றர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாலை 6.30-க்கும் 10.30-க்கும் இடையில் விலை எகிறும் என்பதையும் வீட்டில் சொல்லிவையுங்கள், அந்த நேரத்தில்தான் சுடுதண்ணி, சமையல், அயர்ன் எல்லாம். காரின் டைமரை 10.30-க்கு வைத்துவிட்டால் நீங்கள் எழும்பி உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

நம் மலைத் தண்ணீரில் எடுக்கிற கரண்டில் கார் ஓட்டுகிறோம் என்று மச்சான் பெருமை அடிப்பான். காசல்ரீ, மவுசாகலை, லக்சபான, தலவாக்கலையில் மேல் கொத்மலை 150 மெகாவாட், எல்லாம் உண்மைதான். ஆனால் இரவு 2 மணிக்கு வயரில் வருவதில் நுரைச்சோலை நிலக்கரியும் நிறையக் கலந்திருக்கும். நான் அதைச் சொன்னால் அவனுக்குப் பிடிக்காது.

ஐரோப்பாவில் இந்த வண்டிகளுக்குக் கெட்ட பெயர் இருப்பது பலருக்குத் தெரியாது. 2024-ல் ஐரோப்பிய ஆணைக்குழு வண்டிகளிலேயே பதிவான எரிபொருள் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, பிளக்-இன் ஹைபிரிட்கள் சோதனைச் சான்றிதழில் சொன்னதைவிட மூன்றரை மடங்கு காபனீரொட்சைட்டு விடுவது தெரிந்தது. 2022-ல் வந்த இன்னொரு ஆய்வில், கம்பனி கொடுத்த வண்டிகள் ஓடிய தூரத்தில் 11-இலிருந்து 15 வீதம்தான் கரண்டில். காரணம் எளிது, பெற்றோலுக்குக் கம்பனி காசு கொடுக்கிறது, வீட்டுக் கரண்டுக்குச் சொந்தக் காசு, பிறகு யார் சார்ஜ் போடுவார்கள்? கேபிளைக் கவர்கூடப் பிரிக்காமல் டிக்கியில் வைத்திருப்பவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். சார்ஜ் போடாமல் ஓட்டினால் இது வெறும் பாரமான ஹைபிரிட், பற்றரி எடையைச் சும்மா ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பீர்கள்.

கேபிள் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்களுக்கு விற்றவர் சார்ஜ் கேபிளைக் கொடுக்கவேயில்லை, ஜப்பானிலிருந்து வரும்போதே இல்லை என்றார், அதைத் தனியாக வாங்க வேண்டி வந்தது, விலை கொஞ்ச நஞ்சமில்லை. அதைவிடப் பெரிய வேலை வயரிங். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒரு லைனில் நாலு பிளக் பொயிண்ட் தொங்கும், காருக்கு அதிலிருந்தே எடுத்தால் மணிக்கணக்காக முழுப் பாரம் ஓடும். பக்கத்து வீட்டில் அப்படித்தான் செய்து 13 அம்பியர் பிளக்கின் ஒரு கால் பழுப்பாகி, பிளாஸ்டிக் வளைந்து, கையால் இழுத்தால் வராமல் ஒட்டிக்கொண்டு நின்றது. மெயின் போர்டிலிருந்து காருக்கென்று தனி லைன், தடித்த வயர், தனி பிரேக்கர், ட்ரிப் சுவிட்ச், ஒழுங்கான எர்த். நானுஓயா மழைக்கு மூடியுள்ள வெளிப்புற சொக்கெட். இதைச் செய்த பிறகு பிரச்சினை இல்லை. இரவு போட்டால் விடியும்போது நிறைந்திருக்கும், ஐந்து மணி நேரம் போதும்.

தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் எட்டாது என்பதையும் சொல்ல வேண்டும். வண்டி நிற்பது கோயிலடி ரோட்டில், வீடு படியிறங்கி இருநூறு அடி கீழே, கரண்ட் லைன் முழு லயத்துக்கும் ஒன்று. அங்கே இருந்து ஓட்டோவும் வேனும் வைத்துப் பிழைக்கிற தம்பிமார் நிறையப் பேர், அவர்களில் சிலர் என்னிடம் இந்த வண்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்றுதான் சொன்னேன். நுவரெலியா டவுனில் மாடியில் வாடகைக்கு இருப்பவருக்கும் அதே பதில்.

குளிர் பற்றி ஒரு வார்த்தை. இந்த மாடலில் மின்சார ஹீட்டர் எல்லா வண்டியிலும் வராது, அது இல்லாத வண்டியில் ஹீட்டரைப் போட்டால் சூட்டுக்காக என்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடும். ஜனவரியில் புல்லெல்லாம் துகள் பனி விழுந்து வெள்ளையாகக் கிடக்கிற காலையில் கண்ணாடி மூடுபனியைப் போக்க ஹீட்டர் தேவை, அப்போது கரண்டில் ஓடுகிறோம் என்ற கதை நடக்காது. வாங்கும்போது பாருங்கள். சீட் ஹீட்டர் இருந்தால் அது போதும், நிறையக் கரண்ட் குடிக்காது.

டித்வா புயல் வந்த 2025 நவம்பர் கடைசியில் இன்னொரு விஷயம் தெரிந்தது. ரோடுகள் மண்சரிவில் மூடிக் கிடக்க, எங்கள் பக்கத்தில் கரண்ட் இல்லை. எங்கள் வண்டியின் உள்ளே 1500 வாட் பிளக் பொயிண்ட் இருக்கிறது, ஜப்பானில் அது ஒப்ஷன். ஆனால் அது ஜப்பான் 100 வோல்ட், தட்டையான இரண்டு கால். அடாப்டர் போட்டதும் போன் சார்ஜர்கள், லெப்டொப், எல்ஈடி டோர்ச் எல்லாம் ஒழுங்காக ஏறின, அவை 100-இலிருந்து 240 வரைக்கும் வாங்கும். பக்கத்து வீட்டு அக்கா ரைஸ் குக்கரைக் கொண்டுவந்தார், மாட்டினோம், லைட் மங்கலாக எரிந்தது, அரிசி ஊறியதே தவிர வேகவில்லை. 230 வோல்ட் குக்கருக்கு 100 வோல்ட் கொடுத்தால் சூடு ஐந்தில் ஒரு பங்குதான். கடைசியில் விறகடுப்புதான். பற்றரி குறைந்தால் என்ஜின் தானே ஓடி நிரப்பும், ஆகவே டாங்கியில் பெற்றோல் இருக்கும்வரை அந்தத் தெருவுக்குப் போன் சார்ஜ் பிரச்சினை இருக்கவில்லை.

பிடிக்காதவை? ஐந்து பேருக்குத்தான் இடம், மூன்றாவது வரிசை கிடையாது. தேருக்குக் குடும்பத்தோடு போக வேண்டுமென்றால் வேன்தான் பிடிக்க வேண்டும். எடையால் டயர் சீக்கிரம் தேய்கிறது. தோட்டத்து ரோட்டில் இரண்டு மோட்டாரும் சேர்ந்து இழுப்பது அருமை, ஆனால் அந்த ரோட்டில் எதிரே கொழுந்து லொறி வந்தால் 1.8 மீற்றர் அகலத்தை வைத்துக்கொண்டு ரிவர்ஸில் போவது எனக்கு இன்னும் பழகவில்லை. பற்றரி வேலை பார்க்கத் தெரிந்த கராஜ் நம் பக்கத்தில் குறைவு, கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டியிருக்கும்.

இப்போது வாங்க நினைப்பவருக்கு இரண்டு வழி. 2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திறந்த பிறகு புதிய பிளக்-இன் வண்டிகள் வந்திருக்கின்றன. பீவைடி சீலயன் 6-ல் 18.3 கிலோவாட் மணி பற்றரி, நம் ஏற்றத்துக்கு அந்த அளவு எவ்வளவோ பொருத்தம், கம்பளை ஏற்றத்தில் பெரும்பகுதியைப் பற்றரியிலேயே ஏறலாம். காசு இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். இல்லையென்றால் 2020-க்கு முன் வந்த பழைய வண்டிகள், அவற்றில் நீங்கள் வாங்குவது பற்றரியின் மிச்ச ஆயுளை. மீற்றர் காட்டுகிற கிலோமீற்றரை நம்பாதீர்கள். காரின் கணினியில் மாட்டி வாசிக்கிற ஒரு சின்ன ஓபிடி கருவியும் போனில் ஒரு செயலியும் இருந்தால் பற்றரி புதிதாக இருந்தபோது பிடித்ததில் எத்தனை வீதம் இப்போது பிடிக்கிறது என்று காட்டும், அதைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். முழு சார்ஜில் காட்டும் தூரத்தை விற்பவர் காட்டுவார், அது கடைசியாக எப்படி ஓட்டினார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிற எண், சமதரையில் மெதுவாக ஓட்டிவிட்டுக் காட்டினால் அழகாகத் தெரியும். முடிந்தால் வண்டியைக் கடுகண்ணாவை ஏற்றத்துக்குக் கொண்டுபோய் ஏற்றிப் பாருங்கள், பற்றரி எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று கண்ணால் காணலாம். ஏற விடமாட்டேன் என்று சொல்கிற இடத்தில் வாங்க வேண்டாம். பிறகு மறக்காமல், கேபிள் டிக்கியில் இருக்கிறதா, அதை மாட்டினால் சார்ஜ் லைட் எரிகிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டுக் காசை எண்ணுங்கள்.